பெயர் வெட்டிய பாத்திரங்கள்

செட்டிநாட்டை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போவார்கள். காலையில் பிள்ளையார்பட்டி, அடுத்து கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடியில் தளக்கல் செய்யும் பட்டறை, காரைக்குடியில் மதியச் சாப்பாடு. அதற்குப் பிறகும் பொழுது இருந்தால் முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழைய சாமான் கடைகள். எனக்கு அந்தக் கடைசி இடம்தான் முதலிடம். மதுரையிலிருந்து காரைக்குடிக்குப் பஸ் ஏறினால் நேரே அந்தத் தெருவுக்குத்தான் போவேன். ஒரு சமூகம் எதை ஆசைப்பட்டு வாங்கியது, எதைப் பூட்டி வைத்தது, எதைக் கைவிட நேர்ந்தது என்று அங்கே கையில் எடுத்துப் பார்க்கலாம்.

மாசி மாதத்தில் ஒரு நாள், என் தோழியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தேவகோட்டையில், செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டில் பிறந்த பெண். வெகுகாலமாக மதுரையில் இருக்கிறாள். மாட்டுத்தாவணியில் ஏறி, மேலூர், திருப்பத்தூர் வழியாக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். பக்கத்து ஊரில் பிறந்தும் அந்தத் தெருவுக்குள் அவள் கால் வைத்ததில்லை. ஏன் என்று கேட்டேன். "எங்க ஆளுக அங்கிட்டு அதிகம் போக மாட்டாக. தெரிஞ்ச வீட்டுச் சாமானப் பாத்துட்டா மனசு என்னமோ ஆயிரும்" என்றாள். அன்று அவளோடு நடந்த பிறகுதான் அந்தத் தெருவை நான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

தெரு பெரிய தெரு இல்லை. கடைகளின் முகப்பும் குறுகல்தான். உள்ளே போனால் ஒரு அறைக்குப் பின்னால் இன்னொரு அறை, அதற்கும் பின்னால் தகரக் கொட்டகை என்று நீண்டுகொண்டே போகும். வாசலில் திருகை, ஆட்டுக்கல், கல்தொட்டி. உள்ளே உத்தரத்தில் பித்தளைத் தூக்குகளும் லாந்தர்களும் தொங்கும். சுவரில் ரவிவர்மா படங்கள், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, ஓரம் துருவேறிய விளம்பரத் தகடுகள். அலமாரிகளில் ஊறுகாய் ஜாடி, வெற்றிலைச் செல்லம், மரப்பாச்சி, பல்லாங்குழி, வால்வு ரேடியோ. கொட்டகையில் தேக்குத் தூண்களும் கஜலட்சுமி செதுக்கிய கதவு நிலைகளும் படுத்துக் கிடக்கும்.

பழசையும், பழசுபோலச் செய்ததையும் பிரித்துப் பார்க்க அங்கே கொஞ்சம் கண் பழக வேண்டும். ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியது 1894-இல். கல்லில் படம் எழுதி, நிறத்துக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றி அச்சிட்ட படங்கள் அவை. சின்ன பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், நிறம் மணல் தூவினதுபோல ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும். இப்போதைய ஆஃப்செட் நகலில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். செட்டிநாட்டில் இந்தப் படங்களுக்குப் பட்டுத்துணியும் ஜரிகையும் ஒட்டிச் சேலை கட்டியிருப்பார்கள். லட்சுமிக்கு வீட்டுப் பெண்களே உடுத்திவிட்ட சேலை அது. படத்தை அச்சிட்டது ஓரிடம், அதை அந்த வீட்டின் லட்சுமியாக ஆக்கியது இன்னொரு கை.

அன்று என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது எனாமல் பாத்திரங்கள். பீங்கானோடு சேர்த்து மங்குச் சாமான் என்று செட்டிநாட்டில் சொல்வார்கள். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டெடுத்தது. கடைக்காரர் ஒரு அடுக்கைக் கீழே இறக்கி வைத்தார். பாலாடை நிறம், விளிம்பில் கரும்பச்சைக் கோடு. கையில் எடுத்தால் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கனமாக இருந்தது. ஓரிடத்தில் பூச்சு தெறித்து, உள்ளிருந்த இரும்பு கறுப்பாக நகக்கண் அளவு தெரிந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் முத்திரை: ஸ்வீடன். பக்கத்தில் இருந்த நீலத் தட்டில் செக்கோஸ்லோவேகியா என்றிருந்தது. அந்த நாடு 1918-இல் உருவாகி 1992 முடிவில் இரண்டாகப் பிரிந்தது. முதல் உலகப் போருக்கு முந்திய தட்டு என்று யாராவது சொன்னால் அந்த முத்திரையே இல்லை என்று சொல்லிவிடும். இந்தப் பாத்திரங்களின் பழைய பூச்சில் ஈயமோ காட்மியமோ இருக்கக்கூடும், சமைக்கவும் சாப்பிடவும் எடுக்க வேண்டாம் என்று வாங்குகிறவர்களிடம் கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல வியாபாரி.

ஸ்வீடன் தட்டு ஒன்று மழை குறைந்த சிவகங்கைச் சீமைக்கு வந்த வழியைத் தோழி சொல்லச் சொல்லக் கேட்டேன். நகரத்தார் வீட்டில் பெண் பிறந்தால் அவளுக்கான சாமான் சேரத் தொடங்கிவிடும். கல்யாணத்தின்போது வெள்ளி, பித்தளை, வெண்கலம், மங்கு, மரச்சாமான் என்று எல்லாவற்றையும் பரப்பி வைப்பார்கள். ஊரே வந்து பார்க்கும். துடைப்பம் முதல் வெள்ளிக் குடம் வரை அதில் இருக்கும். அத்தனையும் அந்தப் பெண்ணின் சொத்து. புகுந்த வீட்டில் வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் அவளும் அவள் கணவனும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். அவர்களுக்குரிய அறையில் அவளுடைய சாமான் அவளுடைய சாவியில் இருக்கும். "எங்க ஆயா சாவிக்கொத்த எங்கயும் வச்சு நான் பாத்ததில்ல. இடுப்புலயே கெடக்கும்" என்றாள்.

சாமான் வாங்கிய பணம் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. 1852-இல் ஆங்கிலேயர்கள் கீழ்ப் பர்மாவைப் பிடித்த பிறகு, ஐராவதிச் சமவெளியில் காடு திருத்தி நெல் விளைவிக்கும் வேலை வேகமெடுத்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது அரிசி வியாபாரத்தை இன்னும் பெருக்கியது. விவசாயிக்குக் கடன் கொடுக்க வெள்ளைக்கார வங்கிகள் முன்வரவில்லை. அந்த இடத்தில் நகரத்தார் நின்றார்கள். ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கிகள் என்ற தொழில் கூடங்கள் வைத்து, ஊருக்கு ஊர் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். இலங்கை, மலேயா, சைகோன் என்று மற்ற இடங்களிலும் தொழில் இருந்தாலும், பர்மாதான் பெரிது. தேக்கு அங்கிருந்து வந்தது. பாகனில் செய்த அரக்குப் பெட்டிகளும் அங்கிருந்து வந்தன. மூங்கில் சிம்பில் முடைந்து, மரத்துப் பாலைப் படலம் படலமாகப் பூசிக் காயவைத்து, சிவப்பும் கறுப்புமாகக் கோலம் கீறிய பெட்டிகள். நல்ல வேலைப்பாடாக இருந்தால் விளிம்பை விரலால் மெல்ல அழுத்தினாலும் வளைந்து கொடுத்துத் திரும்பிவிடும். அப்படி ஒன்று அன்றும் கடையில் இருந்தது. உள்ளே பாக்குக் கறை அப்படியே இருந்தது.

1930-களின் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக இருந்த நிலங்கள் கைக்கு வந்தன. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த நகரத்தார் நிலம், 1937-க்குள் கால் பங்காகிவிட்டது. பர்மிய விவசாயிக்கு அது பறிபோன நிலம், அவனுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. நகரத்தாருக்கு அது பணமாக மாற்ற முடியாத நிலம். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. அதையடுத்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. 1960-களில் மிச்சம் மீதியும் போயிற்று. செட்டிநாட்டு வீடுகளில் தூண்கள் நின்றன, வரவு நின்றுபோனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தத் தெருவை உண்டாக்கியது. ஒரு வீட்டுக்கு ஆண் வாரிசுகள் எல்லோரும் பங்காளிகள். தலைமுறைக்குத் தலைமுறை பங்கு கூடிக்கொண்டே போகும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டும் என்றால்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும், எல்லோரும் பணம் போட வேண்டும். ஓடு உடைந்து மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கினால், சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பளிங்குபோல மெழுகிய சுவராக இருந்தாலும் தாங்காது. கடைசியில், பிரித்து விற்றுப் பங்கிட்டுக்கொள்வது ஒன்றில்தான் பங்காளிகளால் உடன்பட முடிகிறது. முதலில் பாத்திரம் போகும், அப்புறம் படங்கள், அப்புறம் கதவு, நிலை, தூண். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கும் உத்தேசப் பட்டியலில் யுனெஸ்கோ 2014-இல் சேர்த்தது. அதற்குள்ளேயே எத்தனையோ வீடுகள் இந்தக் கொட்டகைகள் வழியாகப் போய்விட்டிருந்தன.

தெருக்கோடிக் கடை ஒன்றில் தோழி ஒரு பித்தளைத் தூக்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கழுத்துக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது. சின்ன உளியைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள். முதலில் குடும்பத்து விலாசம், மூன்று முதலெழுத்துகளாக. அதையடுத்து ஒரு பெண்ணின் பெயர். அது 'னை' என்ற எழுத்தில் முடிந்தது. அந்த 'னை' பழைய முறையில், மேலே சுழித்து வளைந்த கொம்போடு இருந்தது. எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978-இல். இந்தத் தூக்கு அதற்கு வெகுகாலம் முந்தியது என்பது கனத்திலேயே தெரிந்தது. ஆனால் எழுத்துகளின் விளிம்பு விரலில் உறுத்தியது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்க வேண்டிய எழுத்து நேற்று வெட்டினதுபோல இருந்தது. அடியில் கரி ஏறிய தடம் இல்லை. பிடி கோத்த வளையத்தில் தேய்மானம் இல்லை.

கடைக்காரரிடம் தோழி கேட்டாள்: "அண்ணே, இது எந்த ஊர்ல எடுத்தது?"

பேச்சைக் கேட்டதுமே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. "இங்கனதான் ஆச்சி, பக்கத்துலதான்."

"பக்கத்துலன்னா?"

"வீட்டுப் பேரு மட்டும் கேக்காதீக ஆச்சி. குடுக்கும்போதே சொல்லித்தான் குடுத்தாக, வெளிய தெரிய வேணாம்னு. ராத்திரி வந்துதான் ஏத்திட்டு வந்தோம். ஊரு வேணாச் சொல்றேன்." ஊர்ப் பெயரைச் சொன்னார். பிறகு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்: "மேமாடி அறையில மரப்பெட்டிக்குள்ள இருந்துச்சு. சுத்தி வைக்கோல் வச்சுக் கட்டினது கட்டினபடியே. கல்யாணத்துல பரப்பி வச்சதோட சரி. ஒரு நாளும் பொழங்கல."

தோழி தூக்கை உடனே கீழே வைக்கவில்லை. அம்மா மகளுக்கு வாங்கினாள். அந்த மகள் தன் மகளுக்கென்று பூட்டி வைத்தாள். அவள் இடம் பெயர்ந்துபோன நகரத்து ஃபிளாட்டில் அதற்கு இடமில்லை. அதன் வரலாறு இவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைக்காரர் அன்று வாய் திறந்திராவிட்டால் இதுகூட இருந்திருக்காது. "வித்தது அவமானம்னு நெனைக்கிறாக. வயித்துக்காக விக்கிறது, பங்கு பிரிக்கிறதுக்காக விக்கிறது, இதுல என்ன அவமானம்? நாளைக்கு எங்க வீட்டுச் சாமானும் வரும்" என்றாள். அவள் குரலில் வருத்தம் இருந்தது, கூச்சம் இல்லை. அந்தத் தூக்கை நான் வாங்கினேன். பித்தளையின் எடை விலைக்கு மேலே கொஞ்சம் போட்டுக் கடைக்காரர் கொடுத்தார். ஊர்ப் பெயர், மாடி அறை, மரப்பெட்டி, வைக்கோல், ஒரு நாளும் புழங்காதது என்று அவர் சொன்னதை ஒரு சீட்டில் எழுதித் தூக்குக்குள் போட்டேன். அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தக் குடும்பம் கேட்டுக்கொண்ட மறைவு அவர்களுக்கு உரியது.

பழம்பொருள்களை விரும்புகிறவர்கள், வாங்கி வைத்தாலே காப்பாற்றிவிட்டதாக நினைக்கிறோம். உருக்கிவிடாமல் தடுத்தது உண்மைதான். ஆனால் ஊர் தெரியாத, ஆள் தெரியாத, எதற்குப் பயன்பட்டது என்று தெரியாத பாத்திரம் பாதிதான் பிழைத்திருக்கிறது. பர்மாவிலிருந்து வந்த பெட்டியா, சைகோனிலிருந்து வந்ததா, கும்பகோணத்தில் வாங்கியதா என்பது அது வீட்டில் இருக்கும்வரை யாராவது ஒரு ஆச்சிக்குத் தெரிந்திருக்கும். லாரியில் ஏறிய நிமிஷத்தில் அந்தத் தகவல் வாசலோடு நின்றுவிடுகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு விடுதி வரவேற்பறையில் போய்ச் சேரும்போது அது 'செட்டிநாட்டு ஆன்டிக்' மட்டும்தான்.

காரைக்குடிக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. கோட்டையூர் முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சென்னையில் ரோஜா என்ற பெயரில் கடை வைத்திருந்ததால் ரோஜா முத்தையா ஆனவர். புத்தகம், பத்திரிகையோடு நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் ஆயுள் முழுக்கச் சேர்த்தார். கோட்டையூர் வீடு முழுக்கக் காகிதம். 1992-இல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. கல்யாணப் பத்திரிகையில் ஊர், தேதி, இரு வீட்டார் பெயர் எல்லாம் அச்சிலேயே இருக்கும். காகிதத்துக்கு அந்த வசதி உண்டு. பாத்திரத்துக்கு நாம்தான் அதைச் செய்து கொடுக்க வேண்டும்.

கதவுக்கும் அப்படித்தான். முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில், பிரித்துக் கொண்டுவந்த ஒரு செட்டிநாட்டு வீட்டை மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். அங்கே முகப்பிலிருந்து வளவுக்குள் நடக்கும்போது ஒரு தூண் எதைத் தாங்கியது, ஒரு கதவு எந்த அறையை மூடியது என்று உடம்புக்கே புரிகிறது. கொட்டகையில் சுவரோரம் சாத்தி வைத்த கதவால் அதைச் சொல்ல முடியாது.

சாமி சிலை விஷயத்தில் இது உணர்வு சம்பந்தப்பட்டது மட்டுமில்லை, சட்டம் சம்பந்தப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம் போன்றவை தொல்பொருள்; சுவடிகளுக்கு 75 ஆண்டு. அவற்றை விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் யாராவது வெண்கலச் சிலையைத் துணி விலக்கிக் காட்டினால் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் போய் நின்றார். 2014-இல் அவர் திரும்பி வந்ததற்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த புகைப்படம் பெரிய சாட்சி. இன்ன கோயில், இன்ன சிலை என்று யாரோ ஒருவர் பொறுப்பாகக் குறித்து வைத்தது ஒரு தெய்வத்தை நாட்டுக்கு மீட்டுக் கொடுத்தது.

தூக்குக்கும் தட்டுக்கும் அவ்வளவு பெரிய வழக்கு வராது. ஆனால் செய்ய வேண்டிய வேலை ஒன்றேதான், அதற்குச் செலவும் இல்லை. கடைக்குப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் ஊர் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் வியாபாரிகள் சொல்கிறார்கள். வீட்டை மறைத்துவிட்டு ஊரையும் காலத்தையும் சொல்ல அவர்களுக்குத் தெரியும். வாங்கிய பொருளோடு அந்தச் சீட்டையும் வைத்து, கை மாறினால் சீட்டோடு கொடுக்கலாம். வீட்டை விற்கப்போகிற பங்காளிகள், லாரி வருவதற்கு முன் கைபேசியிலாவது ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, அந்த அறையில் வாழ்ந்த மூத்தவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யலாம். அதில் அவமானத்துக்கு எதுவும் இல்லை.

செட்டிநாட்டுக்கு மட்டும் சொல்வதில்லை இது. தமிழ்நாட்டில் பரணில் பெயர் வெட்டிய ஒரு குடமாவது இல்லாத வீடு குறைவு. அந்தப் பெயர் யாருடையது, அவளுக்கு எந்த ஊர், யார் வாங்கிக் கொடுத்தது என்று சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியோ அத்தையோ இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். இந்த வாரமே அவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பாத்திரம் எப்போது வேண்டுமானாலும் விலைக்குக் கிடைக்கும். அவர்கள் சொல்வது எந்தக் கடையிலும் கிடைக்காது.